பில்கிரிம் டிரஸ்னா கருப்பு வெள்ளைதானா? பொண்ணு ஸ்கூல் நாடகத்துக்கு வேணும்

வாணி_எடிசன்:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா, ஸ்கூல்ல தேங்க்ஸ்கிவிங்குக்கு குட்டியா ஒரு நாடகம் போடறாங்க, இவளுக்கு 1620ல இங்கிலாந்துலேர்ந்து மேஃப்ளவர் கப்பல்ல அமெரிக்கா வந்து குடியேறின பில்கிரிம்ங்கற கூட்டத்துல ஒரு சின்னப்பொண்ணு வேஷம். வீட்டுக்கு வந்த நோட்ல கருப்பு கவுன், வெள்ளை காலர், வெள்ளை ஏப்ரன், ஷூல பெரிய பக்கிள்னு போட்டிருக்கு, பசங்களுக்கு கூம்பு மாதிரி கருப்பு தொப்பி, அதுலயும் ஒரு பக்கிள். கடைல ரெடிமேடா கிடைக்குது ஆனா தொட்டாலே சரசரங்கற பாலியெஸ்டர், ஒரு நாள் கூத்துக்கு அவ்ளோ காசு குடுக்க மனசு வரல.

எங்க வீட்டுக்காரர் வேற, நடுக்காட்டுல வந்து இறங்கினவங்க மரம் வெட்டுவாங்களா இல்ல வெள்ளை காலருக்கு கஞ்சி போட்டுட்டு உக்காந்திருப்பாங்களான்னு கேட்டுட்டார், அதுலேர்ந்து எனக்கும் டவுட்டு. டீச்சர்கிட்ட கேட்டா, வீட்ல தைக்கிறதா இருந்தா உங்க இஷ்டம், அந்த காலத்து மாதிரி இருந்தா போதும்னுட்டாங்க.

சரி தச்சிடலாம், மிஷின் இருக்கு. ஆனா நிஜமா என்னதான் போட்டாங்க? துணி எங்கேர்ந்து வந்துச்சு? அப்புறம் இவ தினமும் தூங்கப்போற நேரத்துல கேள்வியா கேட்டு கொல்றா, அவங்க குளிப்பாங்களா, என்ன சாப்பிட்டாங்க, குழந்தைங்க எங்க படுத்துக்கும், அப்டி இப்டின்னு. எனக்கு தெரிஞ்சதெல்லாம் வான்கோழி மட்டும்தான். தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்களேன் ப்ளீஸ்.

—

திருப்பூர்_தையல்காரி:

வாணி, நான் கார்மெண்ட்ஸ்ல சாம்பிள் செக்‌ஷன்ல இருக்கேனுங்க, பழைய காலத்து பேட்டர்ன் தேடித்தேடி பாக்கறது எனக்கு ஒரு கிறுக்கு, அதனால இது கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மொதல்ல அந்த பக்கிள தூக்கி வீசுங்க. 1620ல ஷூவ நாடா போட்டு முடிச்சுதான் கட்டினாங்க, ஷூ பக்கிள் ஃபேஷனா வந்ததே 1660க்கு அப்புறம். தொப்பில இருக்கற பக்கிள் பத்தொன்பதாம் நூற்றாண்டுல படம் வரைஞ்சவங்க சேத்துவிட்டது, பாக்க கம்பீரமா இருக்கும்னு. அந்த படங்களப் பாத்துதான் இன்னிக்கு வரைக்கும் காலண்டர், வாழ்த்து அட்டை, ஸ்கூல் நாடகம் எல்லாம் ஓடுது.

அடுத்தது கருப்பு. கருப்பே போடலைன்னு சொல்லமாட்டேன், போட்டாங்க, ஆனா அது விசேஷத்துக்கு, வசதி இருக்கறவங்களுக்கு. ஏன்னா நல்ல கருப்பு சாயம் ஏத்தறது லேசுப்பட்ட வேலை இல்லைங்க. மாசிக்காயும் இரும்பும் சேத்து சாயம் போட்டா மலிவு, ஆனா நாளாக ஆக பழுப்படிச்சுப் போகும், துணியும் இத்துப்போகும். நிக்கற மாதிரி கருப்பு வேணும்னா மொதல்ல கெட்டியா நீலம் ஏத்தி அதுக்கு மேல சிவப்பு ஏத்தி ரெண்டு மூணு தடவ முக்கணும், சாயத்துக்கே சொத்து எழுதிவைக்கணும். தினமும் வயல்லயும் அடுப்படிலயும் போட்டு உழைக்கற துணிக்கு யாரு அவ்ளோ செலவு பண்ணுவா. அதனால செங்கல் சிவப்பு, காவி, கடுகு மஞ்ச, பச்சை, நீலம், சாயமே போடாத ஆட்டு ரோமத்தோட சாம்பல், இதான் அன்னாட கலர். நீலத்துக்கு அவங்க ஊரு வோடுங்கற சாயச்செடி இலையும் உண்டு, நம்ம நாட்டு அவுரியும் அந்த நேரத்துல கிழக்கிந்திய கம்பெனி கப்பல்ல லண்டன் போக ஆரம்பிச்சாச்சு.

ஆதாரம் கேப்பீங்க. 1629 வாக்குல மாசசூசெட்ஸ் பே கம்பெனி, குடியேறப்போற ஆம்பளைங்களுக்கு ஆளுக்கு இவ்ளோன்னு ஒரு சப்ளை லிஸ்ட் போட்டுச்சு. நாலு ஜோடி ஷூ, நாலு ஜோடி காலுறை, நாலு சட்டை, தோல்ல தச்ச டிரஸ், கம்பளி டிரஸ், ஒரு கருப்பு தொப்பி, இது வரைக்கும் சரி. அதுக்கு அப்புறம் வருது பாருங்க, சிவப்பு நாடா வெச்சு ஓரம் அடிச்ச பச்சை கலர் வெயிஸ்ட்கோட் ஒண்ணு, பின்னல் போட்ட சிவப்பு குல்லா அஞ்சு! அஞ்சு சிவப்பு குல்லா குடுத்து அனுப்பிட்டு கருப்பு வெள்ளைல சுத்துங்கன்னா சொல்லியிருப்பாங்க?

பொம்பளைங்க போட்ட லேயரச் சொல்றேன், உங்களுக்கு தைக்க இதுதான் வேணும். உடம்போட ஒட்டி லினன்ல ஷிஃப்ட்னு ஒரு நீளமான உள்சட்டை, முட்டிக்கு கீழ வரும், பகல்லயும் அதான், ராத்திரி படுக்கறப்பவும் அதான். ஜட்டியெல்லாம் கெடையாது. அதுக்கு மேல இடுப்பு நிக்க இறுக்கமா ஒரு பாடி, அப்புறம் பாவாடை, குளிருக்கு ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு மூணு. மேல கம்பளில முழுக்கை ஜாக்கெட், பொம்பளைங்க ஜாக்கெட்டையும் வெயிஸ்ட்கோட்னுதான் எழுதிவெச்சிருக்காங்க. பாவாடையும் ஜாக்கெட்டும் ஒரே கலர்ல இருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. அது மேல ஏப்ரன், அது எப்பவும் வெள்ளை இல்ல, வேலைக்கு நீல ஏப்ரன்தான் சௌகரியம், அழுக்கு தெரியாது. கழுத்துல ஒரு துணி. தலைல காய்ஃப்னு ஒரு லினன் குல்லா, வெளிய போனா அது மேல தொப்பி. பாக்கெட்ட துணியோட தைக்கமாட்டாங்க, தனியா ஒரு பை தச்சு நாடா கோத்து இடுப்புல கட்டிப்பாங்க.

ஆம்பளைங்களுக்கு முட்டி வரைக்கும் தொங்கற லினன் சட்டை, அதோட வால மடிச்சு உள்ள விட்டுக்கிட்டா அதான் ஜட்டி. மேல டப்லெட்ங்கற இறுக்கமான கோட்டு, கீழ முட்டி வரைக்கும் பிரீச்சஸ்ங்கற கால்சட்டை, ரெண்டையும் நாடாவோ கொக்கியோ போட்டு இணைச்சுடுவாங்க, இல்லேன்னா அவுந்து விழும்.

துணி எங்கேர்ந்துன்னு கேட்டீங்கல்ல. எல்லாரும் வீட்ல நூத்து நெசவு பண்ணி போட்டாங்கன்னு ஒரு கதை சுத்துது, ஆரம்பத்துல அப்டி இல்ல. ஆடே பத்தலை, தறி இல்ல, எல்லாம் இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல வரணும். இவங்க பதிலுக்கு பீவர்ங்கற தண்ணி விலங்கோட தோல் அனுப்பணும், அதான் அங்க ஒசத்தி ஃபெல்ட் தொப்பி ஆகறது. 1621ல ஃபார்ச்சூன்னு ஒரு கப்பல்ல தோலும் மரமும் ஏத்தி மொத சரக்கு அனுப்பினாங்க, போற வழில பிரெஞ்சுக்காரன் மடக்கி அள்ளிட்டான், அந்த எக்ஸ்போர்ட் கணக்கே காலி. 1656லதான் ஜெனரல் கோர்ட்டுங்கற மாசசூசெட்ஸ் சட்டசபை, ஒரு நூற்கற ஆளுக்கு வாரம் மூணு பவுண்டு நூல், வருஷத்துல 30 வாரம் நூக்கணும்னு வீட்டுக்கு வீடு டார்கெட் போட்டுச்சு. டார்கெட் போடற புத்தி அன்னிக்கே இருந்திருக்கு பாருங்க.

ஷூக்கு மட்டும் பஞ்சம் கம்மி போல. வில்லியம் மல்லின்ஸ்னு ஒருத்தர் மேஃப்ளவர்ல வந்து மொத குளிர்லயே இறந்துட்டார், அவரு உயில்ல 21 டஜன் ஷூவும் 13 ஜோடி பூட்ஸும் இருக்கு. ஏழு வருஷம் கழிச்சு 40 பவுண்டு குடுத்தா போதும்னு அந்த குடியேற்றத்த நடத்தின கம்பெனிக்கே எழுதிவெச்சிட்டாரு.

—

வாணி_எடிசன்:

அக்கா செம! சிவப்பு பாவாடைன்னு சொன்னதும் பொண்ணு குதிக்கிறா. ஆனா ஒரே உள்சட்டைய பகலும் ராத்திரியும் போட்டுக்கிட்டா, குளியல்? அப்புறம் இவங்க ரொம்ப கட்டுப்பெட்டி ஆளுங்கன்னு படிச்சேனே, சிவப்பு ஊதால்லாம் போட சர்ச்ல விட்டாங்களா?

—

கும்பகோணம்_வாத்யார்:

அம்மா வாணி, ரிடையர்டு ஹிஸ்டரி வாத்தியார் நான், அமெரிக்கால பேரன் பக்கத்துல ஒரு வருஷம் இருந்தப்ப இதையே பொழுதுபோக்கா வாசிச்சேன். தையல்காரி நன்னா சொல்லிட்டா, நான் அதுக்கு மேல கொஞ்சம்.

கலருக்கு இன்னும் பெரிய சாட்சி இருக்கு. ஒருத்தர் இறந்தா அவர் வீட்டுல இருக்கிற சாமானையெல்லாம் அக்கம்பக்கத்து ஆளுங்க வந்து ஒண்ணொண்ணா எழுதி விலை போட்டு கோர்ட்ல குடுக்கணும், மேஃப்ளவர்காரா குடியேறின பிளிமத் காலனில அந்த பட்டியல் நிறைய தப்பிச்சிருக்கு. மேரி ரிங்னு ஒரு விதவை, 1631ல காலமானா, அவ பட்டியல்ல சிவப்பு பாவாடை, ஊதா பாவாடை, நீலக் காலுறை. வில்லியம் ப்ரூஸ்டர் சர்ச்சுக்கே மூத்தவர், வேதம் சொல்லிக்குடுக்கிற பெரியவர், அவர் 1644ல போனப்போ ஊதா கோட்டு, பச்சை டிராயர்னு எழுதியிருக்கா. கவர்னர் பிராட்ஃபோர்டு 1657, சிவப்பு வெயிஸ்ட்கோட், பழைய ஊதா மேலங்கி, வெள்ளிப் பொத்தான் வெச்ச டிரஸ். கிழிஞ்சது நைஞ்சது கூட விடாம எழுதறா, ஏன்னா துணி அப்போ அவ்வளவு விலை, நம்ம ஆத்துல பட்டுப்புடவைய அம்மாகிட்டேர்ந்து பொண்ணுக்கு எழுதிவைக்கிறாப்ல அவா பாவாடையையும் கோட்டையும் உயில்ல எழுதிவெச்சா.

ஆக கலர்ல ஆட்சேபணை இல்ல. ஆட்சேபணை எல்லாம் தகுதி மீறறதுலதான். இங்க ஒண்ண பிரிச்சுக்கணும், பிளிமத் வேற, அதுக்கு வடக்க பாஸ்டன்ல 1630ல வந்து குடியேறின மாசசூசெட்ஸ் பே வேற, ரெண்டும் 1691லதான் ஒண்ணாச்சு. டிரஸ் சட்டமெல்லாம் பாஸ்டன்காரா போட்டது. 1634ல தங்க வெள்ளி ஜரிகை, பட்டு லேஸ் வெச்ச துணி வாங்கப்படாதுன்னா. கைல ஒரு வெட்டு, முதுகுல ஒரு வெட்டு, அதுக்கு மேல உள் துணி தெரியற மாதிரி வெட்டுவிட்ட டிரஸ் கூடாதாம். பீவர் தொப்பியும் கூடாது! தோல விக்கறது இவா, தொப்பி மட்டும் வேற எவனோ போட்டுக்கணும். ஏற்கெனவே இருக்கிறத நைஞ்சு போற வரைக்கும் போட்டுக்கலாம்னு ஒரு சலுகை.

1651ல வந்த சட்டம்தான் வெட்டவெளிச்சம். 200 பவுண்டுக்கு குறைச்சலா சொத்து இருக்கிறவா ஜரிகை, தங்க வெள்ளிப் பொத்தான், பட்டு முக்காடு, பெரிய பூட்ஸ் இதெல்லாம் போடப்படாது, மீறினா 10 ஷில்லிங் அபராதம். ஆனா மாஜிஸ்திரேட் குடும்பம், படைல அதிகாரி, படிச்சவா, முன்னால வாழ்ந்து கெட்டவா, இவாளுக்கெல்லாம் விலக்கு. அப்போ பட்டு பாவம் இல்ல, ஏழை பட்டு போட்டாதான் பாவம். பக்தின்னு சொல்றதெல்லாம் மேல்பூச்சு, அடியில இருக்கிறது யார் யாருக்கு சமம்னு ஒரு கணக்கு. இதை நமக்கு யாரும் விளக்கணும்னு இல்ல.

சட்டம் பலிச்சுதான்னு கேட்டா, பலிக்கலே. 1676ல நார்த்தாம்ப்டன்ல ஹன்னா லைமன்னு 16 வயசுப் பொண்ணு பட்டு போட்டு மினுக்கினான்னு கேஸ். கோர்ட்டுக்கு கூப்பிட்டா, அங்கயும் அதே பட்டைப் போட்டுண்டே வந்து நின்னிருக்கா. எனக்கு அந்த பொண்ண ரொம்ப பிடிச்சுடுத்து.

வழக்கங்கள்ல உங்க பொண்ணுக்கு சொல்ல தோதா ரெண்டு மூணு. கல்யாணம் சர்ச்ல கிடையாது, மாஜிஸ்திரேட் முன்னால ஒப்பந்தம் மாதிரி முடிஞ்சுது, மோதிரமும் இல்ல. பிளிமத்ல மொத கல்யாணம் 1621 மே மாசம், எட்வர்ட் வின்ஸ்லோவும் சூசன்னா வைட்டும். அவருக்கு மனைவி போய் ரெண்டு மாசம்கூட ஆகலே, இவளுக்கு புருஷன் போய் மூணு மாசம்தான், கைல குழந்தை வேற. அந்த குளிர்ல பாதிப்பேர் போயாச்சு, 102 பேர்ல. வயசு வந்த பொம்மனாட்டிகள் 18 பேர்ல அந்த வருஷம் அறுவடை வரைக்கும் தப்பிச்சது நாலே பேர். அந்த நிலைமைல துக்கம் காக்க யாருக்கு முடியும், அடுப்ப மூட்ட ஒருத்தர், மரம் வெட்ட ஒருத்தர்னு வேணுமே.

ஞாயித்துக்கிழமை நடை பாக்கவே கம்பீரமா இருந்திருக்கும். 1627ல பக்கத்துல இருந்த டச்சுக்காரா குடியேற்றத்துலேர்ந்து இசாக் டி ரசியர்னு ஒரு அதிகாரி வந்து பாத்துட்டு எழுதியிருக்கார், மேளம் அடிச்ச உடனே ஒவ்வொருத்தனும் துப்பாக்கியும் மேலங்கியுமா கேப்டன் வாசல்ல கூடி மூணு மூணு பேரா வரிசை, பின்னால கவர்னர் நீள அங்கில, அவர் வலதுபக்கம் பாதிரியார், இடதுபக்கம் கேப்டன் கைல சின்ன பிரம்போட. போற இடம் மலைமேல கோட்டை, மேல பீரங்கி, கீழ பிரசங்கம். கிறிஸ்துமஸ் கொண்டாடறதில்ல, மாசசூசெட்ஸ்ல 1659லேர்ந்து 1681 வரைக்கும் கொண்டாடினா அஞ்சு ஷில்லிங் தெண்டம்.

பேர்களையும் சொல்லுங்கோ, குழந்தை சிரிப்பா. ப்ரூஸ்டரோட பசங்க பேர் லவ், ரெஸ்லிங், பொண்ணுகள் பேஷன்ஸ், ஃபியர். நடுக்கடல்ல பிறந்த குழந்தைக்கு ஓஷானஸ். ரிமெம்பர்னே ஒரு பொண்ணு இருந்தா, உங்க பொண்ணுக்கு நாடகத்துல பேர் வேணும்னா அதை வெச்சுக்கலாம்.

—

கார்த்தி_ப்ரிஸ்கோ:

எல்லாம் ஓகே சார் ஆனா எட்வர்ட் வின்ஸ்லோ போர்ட்ரெய்ட் இருக்கே, மேஃப்ளவர்ல வந்தவங்கள்ல நேர்ல உக்காந்து வரைஞ்சதா இருக்கற ஒரே படம் அதுதான்னு சொல்வாங்க, அதுல மனுஷன் கருப்பு டிரஸ், வெள்ளை காலர்தானே? அப்புறம் எப்படி கருப்பு பொய்னு சொல்றீங்க. ரெண்டாங்கிளாஸ் நாடகம்ங்க, நோட்ல சொன்னத போட்டு அனுப்பிட்டா வேலை முடிஞ்சுது, அங்க சிவப்புல ஒரு குழந்தை மட்டும் நின்னா அவளுக்குத்தான் கஷ்டம்.

—

கும்பகோணம்_வாத்யார்:

கார்த்தி, படம் உண்மை. ஆனா அது 1651ல லண்டன்ல வரைஞ்சது, அப்போ அவர் அங்க அரசாங்கத்துல பெரிய உத்தியோகம், படத்துக்கு உக்கார்றவர் தன்கிட்ட இருக்கிறதுல ஒசத்தியைத்தானே போட்டுண்டு வருவார். சிக்கலே அதான், படம் எழுத காசிருக்கிறவா எல்லாம் விசேஷ டிரஸ்ல உக்காந்தா, வயல்ல மக்காச்சோளம் நட்டவனை யாரும் வரையலே. பின்னால வந்தவா அந்த படங்களப் பாத்துட்டு ஊரே அப்படித்தான் நடமாடித்துன்னு முடிவு கட்டிட்டா. குழந்தை தனியா நிக்கறது பத்தி நீங்க சொன்னது நியாயம், அதை அம்மாதான் தீர்மானிக்கணும்.

—

மயிலாப்பூர்_மணி:

நடுல ஒரு சென்னை மேட்டர் சொல்லிட்டு போயிடறேன். பாஸ்டன்ல 1649ல ஒரு குடியேறி வீட்ல பொறந்த பையன், சின்ன வயசுலயே குடும்பத்தோட இங்கிலாந்து திரும்பி, அப்புறம் கம்பெனி வேலைக்கு நம்ம ஊருக்கு வந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டைல 1687லேர்ந்து 1692 வரைக்கும் கவர்னரா இருந்தான், எலிஹு யேல். ஊழல் புகார்ல பதவி போச்சு, ஆனா காசு நல்லா சேத்துட்டான். 1718ல கனெக்டிகட்ல இருந்த ஒரு காலேஜுக்கு ஒன்பது பேல் சரக்கு, 417 புக்கு, ராஜா படம் ஒண்ணு அனுப்பிவிட்டான், அந்த பேல்கள்ல இருந்தது பூரா துணி, இந்திய காட்டன் மஸ்லினும் சேத்து. வித்த காசு 562 பவுண்டு, அதுல கட்டடம் கட்டி அவன் பேரையே வெச்சுட்டாங்க. பில்கிரிம் காலத்துக்கு ரொம்ப பிந்தி, தெரியும், ஆனா துணின்னதும் கை நிக்கல.

—

யாழ்_குவின்சி:

அக்கா, நான் பாஸ்டனுக்குக் கிட்ட இருக்கிறன், பிளிமத்திலை உள்ள பிளிமத் பட்டுக்செட் மியூசியத்துக்கு வாற சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போறது என்ரை வேலை எண்டு ஆகிட்டுது. 1620களின்ரை வீடுகள் மாதிரிக் கட்டி, அந்தக்காலத்து உடுப்போடை ஆக்கள் நிண்டு கதைப்பினம். உள்ளுக்குப் போனவுடனை மூக்கிலை அடிக்கிறது புகைதான். ஒரேயொரு அறை, மண் தரை, அடுப்பு ஒண்டு, யன்னல் சின்னன், கண்ணாடி இல்லை. வின்ஸ்லோ 1621இலை ஊருக்கு எழுதின கடிதத்திலையே, வாறாக்கள் யன்னலுக்கு பேப்பரும் ஆளி விதை எண்ணெயும் கொண்டு வாங்கோ எண்டு சொல்லியிருக்கிறார், எண்ணெய் தோய்ச்ச பேப்பரை ஒட்டினா வெளிச்சம் மட்டும் வரும். கூரை வைக்கோல், அடிக்கடி நெருப்புப் பிடிச்சதாலை 1627இலை இனிப் புதுசா ஒருத்தரும் வைக்கோல் போடக்கூடாது, பலகைதான் எண்டு சட்டம் போட்டினம். ஸ்கூலிலை மரக்குத்தியளை அடுக்கின வீடு கீறிக்கொண்டு வருவினம் பிள்ளையள், அது இவையின்ரை இல்லை, 1638இலை டெலவேர் பக்கம் வந்த சுவீடன்காரர் கொண்டுவந்தது.

பிள்ளையள் படுக்கிறது மேலை பரணிலை, வைக்கோல் அடைச்ச மெத்தை, மூண்டு நாலு பேர் ஒண்டா. இல்லாட்டி அப்பா அம்மான்ரை கட்டிலுக்குக் கீழை இழுத்து விடுற சின்னக் கட்டில்.

சாப்பாட்டுக்கு வாறன். அவை கொண்டு வந்த பட்டாணி வெயிலிலை கருகிப் போச்சு, பார்லி சுமார், மக்காச்சோளம்தான் காப்பாத்தினது. 20 ஏக்கர் நட்டவை. அதை எப்பிடி நடுறது, மீனைப் பசளையாத் தாட்டு எண்டு சொல்லிக் குடுத்தது டிஸ்குவாண்டம், எல்லாரும் ஸ்குவாண்டோ எண்டு சொல்ற பூர்வகுடி ஆள்தான். சோளத்தை இடிச்சுக் கஞ்சி, அதுக்குள்ளை கிடைச்ச இறைச்சியோ மீனோ. விலாங்கு, சிங்கி இறால், மட்டி எல்லாம் தாராளமா இருந்தது, ஆனா அதை அவை வேறை வழியில்லாமல் சாப்பிட்ட மாதிரித்தான் எழுதி வைச்சிருக்கினம், இஞ்சை இப்ப சிங்கி இறால் விலையைக் கேட்டா உங்களுக்குச் சிரிப்பு வரும். பால் பட்டர் இல்லவே இல்லை, முதல் மாடு வந்ததே 1624இலை. 1627இலை மாட்டைப் பங்கு பிரிக்கேக்கை 13 பேருக்கு ஒரு பங்கு, அந்தப் பதின்மூண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பசுவும் ரெண்டு ஆடும் எண்ட கணக்கிலை. முள்ளுக்கரண்டி இல்லை, கத்தி, கரண்டி, கை, அதாலைதான் மடியிலை பெரிய துணி விரிக்கிறது. மரத்தட்டு ரெண்டு பேருக்கு ஒண்டு. பிள்ளையளும் மென் பியர்தான் குடிச்சவை, அதை நாடகத்திலை சேர்க்க விடமாட்டினம்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு மூலம் எண்டு சொல்ற 1621 அறுவடை விருந்திலை உருளைக்கிழங்கு இல்லை, பம்கின் பையும் இல்லை, கோதுமை மாவும் இல்லை பட்டரும் இல்லையே. காட்டுப் பறவையள் இருந்தது, அந்தப் பக்கத்து வம்பனோக் பூர்வகுடி ஆக்களின்ரை தலைவர் மசசோயிட் தன்ரை 90 ஆக்களோடை வந்து அஞ்சு மான் கொண்டுவந்து குடுத்தவர். இங்கிலீஷ்காரர் ஒரு அம்பது பேர்தான் அப்ப மிஞ்சி இருந்தவை. யோசிச்சுப் பாருங்கோ, அந்த மூண்டு நாளும் அந்த இடத்திலை வம்பனோக் ஆக்கள்தான் கூட.

எனக்குச் சொல்ல வேணும் எண்டு இருக்கிறது இதுதான். அவை வந்து இறங்கின இடம் வெறுங்காடு இல்லை. பட்டுக்செட் எண்டு ஒரு ஊர். 1616 தொடக்கம் 1619 வரைக்கும் வந்த கொள்ளை நோயிலை, ஐரோப்பியக் கப்பல்காரரோடை வந்த நோய், அந்த ஊர் முழுக்க அழிஞ்சு போச்சு. டிஸ்குவாண்டம் அந்த ஊர் ஆள், அவரைக் கடத்திக்கொண்டு போய் ஸ்பெயினிலை வித்தவை, இங்கிலாந்தாலை சுத்தி ஒருமாதிரித் திரும்பி வந்து பார்த்தா ஊரிலை ஒரு சனம் இல்லை. குடியேறின ஆக்களுக்கு வயல் ஏற்கனவே வெட்டித் துப்புரவாக் கிடந்தது, ஏனெண்டா அது இன்னொருத்தன்ரை வயல். கேப் காட் எண்ட கடற்கரை முனையிலை இறங்கின உடனை மண்ணுக்குள்ளை புதைச்சு வைச்சிருந்த சோளத்தையும் தோண்டி எடுத்தவை, பிறகு விலை குடுத்தது உண்மை, ஆனா எடுக்கேக்கை கேக்கேல்லை. ஊர் விட்டு ஊர் போய் இருக்கிற எங்களுக்கு உந்தக் கதையிலை ரெண்டு பக்கமும் விளங்கும் எண்டு நினைக்கிறன். 1970இலை இருந்து ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங்குக்கும் பிளிமத் குன்றிலை பூர்வகுடி ஆக்கள் கூடி அதைத் துக்க நாளா நினைக்கினம்.

அதாலை அக்கா, உங்கடை மகளின்ரை வகுப்பிலை வம்பனோக் வேஷம் போடுற பிள்ளையளுக்கு பெரிய இறகுக் கிரீடம் வைச்சா டீச்சருக்கு மெல்லமாச் சொல்லுங்கோ. அது மேற்கிலை சமவெளி ஆக்களின்ரை. வம்பனோக் ஆக்கள் மான்தோலிலை கோவணம் மாதிரி ஒண்டு, காலுக்குத் தோல் உறை, தோலிலை மேல் போர்வை, மொக்கசின், அப்பிடித்தான் உடுத்தவை. கனடாவிலை என்ரை அக்கான்ரை பெடியனின்ரை ஸ்கூலிலை சொன்னவுடனை மாத்தினவை, கோவிக்கேல்லை.

—

வாணி_எடிசன்:

யாழ் தம்பி, அந்த பட்டுக்செட் கதை எனக்கு தெரியவே தெரியாது, பொண்ணுக்கு எந்த அளவுக்கு சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருக்கேன். இறகு மேட்டர டீச்சருக்கு இன்னிக்கே மெயில் போடறேன். அக்கா, குளியல் கேள்விக்கு மட்டும் பதில் வரல, அப்புறம் அளவு சொல்லுங்க.

—

திருப்பூர்_தையல்காரி:

குளியலா, இல்லைன்னே சொல்லலாங்க. மூஞ்சி கை கழுவுவாங்க, உடம்ப முழுசா நனைச்சா நோய் வரும்னு ஒரு பயம். அதுக்கு பதிலாத்தான் அந்த லினன் உள்சட்டை, வேர்வை அழுக்கு எல்லாத்தையும் அது உறிஞ்சிக்கும், அத மாத்திட்டா சுத்தமாயிட்டோம்னு கணக்கு. மேல போடற கம்பளிய துவைக்கறதே இல்ல, தட்டி உதறி காத்தாட போடறதோட சரி. துவைக்கறது லினன மட்டும், அடுப்புச் சாம்பல்ல தண்ணி ஊத்தி வடிச்ச காரமும் மாட்டுக்கொழுப்பும் சேத்து காய்ச்சின சோப்புல. தினமும் கெடையாது, நாள் கணக்கா சேத்துவெச்சு ஒரே நாள்ல போட்டுக் கும்முவாங்க.

இப்ப தையலுக்கு. பாவாடை செங்கல் சிவப்போ கடுகு மஞ்சளோ, கணுக்காலுக்கு ஒரு இஞ்ச் மேல நிறுத்துங்க, அப்பதான் ஸ்டேஜ்ல தடுக்காது, அந்த காலத்துலயும் தரைல இழுக்காமத்தான் போட்டாங்க. மேல ஜாக்கெட் நீலமோ பச்சையோ, ஜிப் வேண்டாம், முன்னாடி கொக்கி வெச்சு மேல நாடா ஓட்டுங்க. பொண்ணுங்களுக்கு தனி குழந்தை டிரஸ்னு ஒண்ணு கெடையாது, அம்மா போடறதோட சின்ன சைஸ், அவ்ளோதான். ஆம்பளப் பசங்கதான் வேடிக்கை, ஆறு ஏழு வயசு வரைக்கும் அவங்களுக்கும் கவுனு, அதுக்கு அப்புறம்தான் பிரீச்சஸ், அந்த கிளாஸ்ல பாதி பசங்க நிஜத்துல கவுன்ல நிக்கணும், ஆனா அதை மெயில்ல எழுதிடாதீங்க.

கார்த்தி சொன்னதும் சரிதானுங்க, கூட்டத்துல ஒத்தையா தெரியக்கூடாதுன்னா வெள்ளை காய்ஃபும் வெள்ளை கழுத்துத்துணியும் இருந்தா மத்தவங்களோட சேந்துடுவா, ஏப்ரன மட்டும் நீலத்துல தச்சுக்கோங்க. காய்ஃபுக்கு பழைய எட்டு முழ வேட்டி இருந்தா அதுலயே எடுங்க, புதுத்துணி விறைப்பா நிக்கும், அது மெத்துனு படியும். நெத்திலேர்ந்து பிடரி வரைக்கும் ஒரு அளவு, ஒரு காதுமடல்லேர்ந்து உச்சி வழியா இன்னொரு காதுமடல் வரைக்கும் ஒரு அளவு எடுத்து இங்க போடுங்க, பேட்டர்ன் வரைஞ்சு படம் அனுப்பறேன். தலைய பின்னி கொண்டை போட்டுட்டு அளவெடுங்க, மறந்துடாதீங்க, இல்லேன்னா உள்ள முடி அடங்காது.